பார்ப்பவர் எத்தனை பேர், பணம் கட்டுபவர் எத்தனை பேர்

தமிழ்த் திரையுலகில் ஒரு படத்தின் வியாபாரத்தைப் பேசுபவர்கள் தமிழ்நாட்டை 38 மாவட்டங்களாகப் பார்ப்பதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு–தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று பழைய மாவட்டப் பெயர்களிலேயே இன்றும் ஏரியாக்கள் வழங்கி வருகின்றன. ஓர் ஏரியாவை மினிமம் கியாரண்டி முறையில், அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு ஒரு தொகையை உறுதியளித்து, எடுக்கும் விநியோகஸ்தர் அந்தப் பகுதியில் எத்தனை லட்சம் மக்கள் வாழ்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. தன் கைக்கு வரக்கூடிய திரையரங்குகள் எத்தனை, அவற்றில் இருக்கைகள் எத்தனை, முதல் வாரத்தில் எத்தனை காட்சிகள் ஓட்டலாம், அதே நாயகனின் முந்தைய படம் அங்கே எவ்வளவு வசூலித்தது, தியேட்டர்காரரின் பங்கு போக மிஞ்சுவது எவ்வளவு என்று கீழிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி ஒரு தொகைக்கு வருகிறார். அந்தக் கணக்கும் தவறுவதுண்டு. ஆனால் தவறினால், எந்த ஊரில் எந்த எண் பொய்த்தது என்று படம் வெளியான மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும்.

இணையம் வழியாகப் படம், தொடர், விளையாட்டு, இசை ஆகியவற்றை விநியோகிக்கும் நிறுவனங்களின் சந்தை மதிப்பீடுகளில் இந்தப் பழக்கம் அரிதாகவே தென்படுகிறது. முதலீட்டாளர் முன் வைக்கப்படும் கணக்கு பெரும்பாலும் உச்சியிலிருந்து தொடங்குகிறது. இந்தியாவில் 140 கோடி மக்கள் இருக்கிறார்கள். பிராட்பேண்ட் இணைப்புகள் 90 கோடியைத் தாண்டிவிட்டன. இவர்களில் வெறும் 5 விழுக்காட்டினர் மாதம் 100 ரூபாய் கொடுத்தாலே ஆண்டுக்கு 5,400 கோடி ரூபாய் வருமானம். பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. பிழை அந்த 'வெறும்' என்ற சொல்லில் இருக்கிறது. 90 கோடி என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் எண்ணிச் சொல்லும் எண். 100 ரூபாய் என்பது நிறுவனம் வைக்கும் விலை. இடையில் உள்ள 5 விழுக்காடு மட்டும் எங்கிருந்தும் வரவில்லை, ஆனால் மதிப்பீடு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. இத்தகைய அறிக்கைகளைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் தேடுவது மொத்தத் தொகையை அல்ல. இந்த விழுக்காட்டுக்கு அடியில் ஏதாவது ஆதாரம் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

இப்படிப்பட்ட கணக்கு பெரிய நிறுவனங்களையும் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸின் இந்திய அனுபவம் நல்ல சான்று. அந்நிறுவனம் 2016 ஜனவரியில், ஒரே நாளில் 130 நாடுகளில் சேவையைத் தொடங்கியபோது இந்தியாவுக்கும் வந்தது. மாதச் சந்தா 500, 650, 800 ரூபாய் என்று மூன்று படிகளாக வைக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் டெல்லிக்கு வந்திருந்த அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், நிறுவனத்தின் அடுத்த 10 கோடிச் சந்தாதாரர்கள் இந்தியாவிலிருந்து வருவார்கள் என்று பேசினார். அப்போது உலகம் முழுவதிலும் சேர்த்தே அதற்கு இருந்த சந்தாதாரர்கள் ஏறத்தாழ 11.7 கோடிதான். 2019 ஜூலையில் கைப்பேசியில் மட்டும் பார்ப்பதற்கு 199 ரூபாய்த் திட்டம் வந்தது. 2021 டிசம்பரில் அது 149 ஆகவும், அடிப்படைத் திட்டம் 499இலிருந்து 199 ஆகவும் குறைக்கப்பட்டன. அடுத்த மாதமே, 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் பேசிய ஹேஸ்டிங்ஸ், மற்ற பெரிய சந்தைகளில் எல்லாம் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டது, இந்தியாவில் மட்டும் ஏன் அப்படி நடக்கவில்லை என்பது எரிச்சலூட்டுகிறது என்ற பொருளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

மக்கள் தொகையை அவர் தவறாக எண்ணிவிடவில்லை. இணைய இணைப்பு பெருகும் என்ற கணிப்பும் பொய்க்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்ததும், கையில் ஸ்மார்ட்போன் உள்ள ஏறக்குறைய எல்லோரும் காணொளி பார்க்கத் தொடங்கியதும் எவரும் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே நடந்தன. கணக்கில் விடுபட்டது, இந்தியக் குடும்பம் வீட்டுப் பொழுதுபோக்குக்குக் கொடுத்துப் பழகிய விலை. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2011இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது மாதக் கட்டணம் 70 ரூபாய். வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும், தெருவில் நான்கு பேர் வந்து உட்கார்ந்து பார்த்தாலும் அதே 70 ரூபாய்தான். 2019இல் புதிய கட்டண முறை வந்தபோதும், இலவச சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு வரி நீங்கலாக 130 ரூபாய் என்றே வைக்கப்பட்டது. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்தபோது அங்குள்ள வீடுகள் கேபிளுக்கு அதைப் போலப் பல மடங்கு தொகையைக் கட்டிக்கொண்டிருந்தன. அங்கே அது மலிவான மாற்று. இங்கே அதே சேவை, ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைவிட ஏழு மடங்கு விலையுள்ள கூடுதல் செலவாக வந்து நின்றது. ஆகவே, ஒரு சந்தையின் ஆற்றலை, அதாவது அதில் அதிகபட்சம் எவ்வளவு விற்க முடியும் என்பதை, அளக்க முற்படுபவர் விலையைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்க முடியாது. விலை சொல்லப்படாத சந்தை அளவு என்று ஒன்று கிடையாது. 50 ரூபாய்க்கு ஒரு சந்தை, 150க்கு ஒரு சந்தை, 500க்கு வேறொரு சந்தை என்றுதான் உண்டு.

விலைக்கு அடுத்து எதை ஓர் அலகாக எண்ணுகிறோம் என்ற கேள்வி வருகிறது. இணைய இணைப்புகளைத் தொலைத்தொடர்பு ஆணையம் சிம் கார்டு வாரியாக எண்ணுகிறது. ஒரே ஆளிடம் இரண்டு சிம் இருக்கலாம். தொலைக்காட்சியை வீடு வாரியாக எண்ணுகிறார்கள்; தொலைக்காட்சிப் பார்வையாளர்களை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 21 கோடி. ஓடிடிச் சந்தாவோ கணக்கு வாரியாக எண்ணப்படுகிறது. ஒரு கணக்கில் ஒரு குடும்பம் பார்க்கலாம், மூன்று நண்பர்கள் பார்க்கலாம், விடுதியின் ஒரு தளம் முழுவதுமே பார்க்கலாம். சிம்மில் தொடங்கி, வீட்டின் வழியாக நடந்து, கணக்கில் முடியும் மதிப்பீடு ஆப்பிளையும் ஆரஞ்சையும் கூட்டுவதைவிட மோசமானது. ஏனென்றால் இங்கே மூன்றும் ஒரே பழம் போலத் தோற்றமளிக்கின்றன. 2023 தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ், உலக அளவில் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பிறருடைய பாஸ்வேர்டில் பார்க்கின்றன என்று அறிவித்தது. அப்போது பணம் கட்டியவர்கள் சுமார் 23 கோடி. அதாவது 23 கோடிக் கணக்குகளுக்குப் பின்னால் 33 கோடி வீடுகள் இருந்தன. பாஸ்வேர்டுப் பகிர்வை அது கட்டுப்படுத்தத் தொடங்கிய பிறகு, 2024 இறுதியில் சந்தாதாரர் எண்ணிக்கை 30 கோடியைத் தாண்டியது. அந்த வளர்ச்சிக்கு விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் பிறர் பாஸ்வேர்டில் பார்க்கும் 10 கோடி வீடுகள் என்ற மதிப்பீட்டை, ஹேஸ்டிங்ஸ் சொன்ன 'புதிய 10 கோடி இந்தியர்கள்' என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டிலும் எண் ஒன்றுதான், 10 கோடி. ஒன்று மக்கள் தொகையிலிருந்து ஊகிக்கப்பட்டது. மற்றொன்று ஏற்கெனவே சேவையைப் பயன்படுத்திக்கொண்டிருந்த வீடுகளைச் சொந்தத் தரவில் பார்த்து எண்ணப்பட்டது.

இனி ஹாட்ஸ்டாருக்கு வருவோம். என் பார்வையில், சந்தை ஆற்றல் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் இல்லை. 2015இல் ஸ்டார் இந்தியா தொடங்கிய இச்சேவை, ஐபிஎல் கிரிக்கெட்டின் தோளில் ஏறி வளர்ந்தது. 2020 ஏப்ரலில் டிஸ்னியின் பெயரும் சேர்ந்தது. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. தொலைக்காட்சி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் தக்கவைத்துக்கொண்டது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமையை அதைவிடச் சற்று கூடுதலாக 23,758 கோடிக்கு ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18 எடுத்தது. டிஜிட்டல் உரிமை கைவிட்டுப் போன பிறகும், அதே ஆண்டு ஆகஸ்டில் டிஸ்னி வெளியிட்ட திருத்தப்பட்ட கணிப்பில் 2024 நிதியாண்டின் இறுதிக்குள் ஹாட்ஸ்டாருக்கு 8 கோடி வரை சந்தாதாரர்கள் இருப்பார்கள் என்று சொல்லப்பட்டது. 2022 அக்டோபர் தொடக்கத்தில் எண்ணிக்கை 6.13 கோடி. 2023இல் ஐபிஎல் ஆட்டங்களை வயாகாம்18இன் செயலியான ஜியோ சினிமா கட்டணமின்றி ஒளிபரப்பியது. அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் 5.29 கோடியாக இருந்த ஹாட்ஸ்டார் சந்தாதாரர் எண்ணிக்கை ஜூலை தொடக்கத்தில் 4.04 கோடியாகவும், செப்டம்பர் இறுதியில் 3.76 கோடியாகவும் இறங்கியது.

ஓராண்டில் 2.37 கோடிப் பேர் விலகினார்கள் என்றால், அவர்கள் முதலிலேயே அந்தச் செயலியின் சந்தையாக இருக்கவில்லை என்றுதான் பொருள். அவர்கள் கிரிக்கெட்டின் சந்தை. கிரிக்கெட் எங்கே போனதோ அங்கே போனார்கள். விநியோக நிறுவனத்தின் சந்தை ஆற்றலை மதிப்பிடும்போது, இது என்னுடையதா, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சரக்கினுடையதா என்று பிரித்துப் பார்க்காவிட்டால், உரிமை ஒப்பந்தம் முடியும் நாளில் சந்தையும் சேர்ந்து முடிந்துவிடும். திரைப்பட விநியோகஸ்தருக்கு இது புதிய செய்தி அல்ல. ஒரு நாயகனின் படத்துக்குக் கூடிய கூட்டத்தைத் தன் கம்பெனிக்குக் கூடிய கூட்டம் என்று எந்த விநியோகஸ்தரும் நினைத்துக்கொள்வதில்லை.

எண்ணிக்கையைவிட வருமானம் இன்னும் கடுமையான பாடத்தைச் சொல்கிறது. 2023இன் முதல் பாதியில், சந்தா, விளம்பரம் எல்லாம் சேர்த்து ஹாட்ஸ்டாருக்கு ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்குக் கிடைத்த சராசரி வருமானம் 60 அமெரிக்க சென்டைக்கூட எட்டவில்லை. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 50 ரூபாய். அதே காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் டிஸ்னிக்கு ஒரு சந்தாதாரரிடமிருந்து 7 டாலருக்கும் மேல் கிடைத்தது. 5.3 கோடிப் பேர், மாதம் 50 ரூபாய், 12 மாதங்கள் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 3,180 கோடி ரூபாய். ஐபிஎல் டிஜிட்டல் உரிமையின் விலையை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 4,750 கோடி ரூபாய் வருகிறது. நாட்டின் மிகப் பெரிய கட்டணச் சேவையின் மொத்த வருமானம் முழுவதையும் கொட்டினாலும் அந்த ஒரு தொடரின் உரிமைத்தொகைக்குப் போதாது என்ற நிலையில், ஏலத்தைக் கைவிட்டது புத்திசாலித்தனமா என்று விவாதிப்பதைவிட, அந்த விலை எந்தச் சந்தையை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று கேட்பது பயனுள்ளது. விடை, விளம்பரத்திலும் ரீசார்ஜிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

இதே தர்க்கத்தைச் சிறிய அளவில், தமிழில் மட்டும் படங்களையும் தொடர்களையும் தரும் ஒரு கற்பனை நிறுவனத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2017இல் சன் நெக்ஸ்ட், 2022 ஏப்ரலில் ஆஹா தமிழ் என்று இக்களத்தில் உண்மையான நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் கீழே வரும் விழுக்காடுகள் எவருடையவையும் அல்ல, கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்காக நான் வைத்துக்கொள்ளும் அனுமானங்கள் மட்டுமே. தொடக்கப் புள்ளி மட்டும் உறுதியானது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7.21 கோடி, குடும்பங்கள் ஏறத்தாழ 1.85 கோடி. குடும்பங்கள் பிரிந்து பெருகி இன்று 2.2 கோடி ஆகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 80 விழுக்காட்டில் இடைவிடாத இணையத்துடன் ஸ்மார்ட்போன் இருந்தால் 1.76 கோடி. அவற்றில் பாதி வீடுகளில் யூபிஐ வழியாகவோ கார்டு வழியாகவோ தாமாகப் பணம் கட்டும் ஒருவர் இருந்தால் 88 லட்சம். அவர்களில் கால் பங்கினர், ரீசார்ஜோடு இலவசமாக வருவதற்கு அப்பால் பொழுதுபோக்குக்கென்று தனியாகச் செலவழிப்பவர்கள் என்றால் 22 லட்சம். அவர்களிலும் பாதிப் பேர், ஏற்கெனவே உள்ள பெரிய சேவைக்கு மேல் தமிழுக்கென்று இன்னொன்றையும் வாங்குவார்கள் என்றால் 11 லட்சம். ஏழு கோடிப் பேர் பேசும் மொழி என்று தொடங்கிய கணக்கு, நான்கே படிகளில் இங்கே வந்து நிற்கிறது.

இந்த 11 லட்சத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? நான்கு அனுமானங்களும் மேலாகவோ கீழாகவோ ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தவறியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், தனித்தனியே பார்க்கும்போது அது பெரிய பிழையாகத் தெரியாது. ஆனால் நான்கும் ஒரே திசையில் தவறினால் விடை 4.5 லட்சமாகச் சுருங்கலாம், அல்லது ஏறக்குறைய 23 லட்சமாக விரியலாம். இரண்டு முனைகளுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கிறது. படிகள் கூடக் கூட மதிப்பீடு துல்லியமாகிறது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பெருக்கல் சங்கிலியில் நடப்பது நேர்மாறானது. எனவே ஒற்றை எண்ணை வெளியிடும் அறிக்கையைவிட, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சொல்லி, எந்தப் படியின் அனுமானம் விடையை அதிகமாக ஆட்டுகிறது என்பதையும் குறிப்பிடும் அறிக்கை மேலானது. மேற்கண்ட சங்கிலியில் ஸ்மார்ட்போன் விழுக்காட்டைச் சரிபார்க்க எவ்வளவு பணம் செலவழித்தாலும் பயன் குறைவு. அது 80ஆ 90ஆ என்பதால் பெரிய மாற்றம் வராது. கடைசி இரண்டு படிகளில்தான் கண்ணும் காசும் செலவாக வேண்டும்.

அடுத்து, அந்த 11 லட்சம் பேர் ஆண்டுக்கு 399 ரூபாய் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி போனால் 338 ரூபாய். கைப்பேசிச் செயலிக் கடை வழியாக வந்தால் 15 விழுக்காடு கமிஷன் போய் 287. ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம் பார்க்கிறார், அதற்கு ஆண்டுக்கு 245 ஜிபி ஆகிறது, ஒரு ஜிபியை அவர் திரைக்குக் கொண்டுசேர்க்க 40 பைசா செலவாகிறது என்றால் இன்னொரு 98 ரூபாய் கழிந்து 189 மிஞ்சும். விந்தை என்னவென்றால், சேவையை மிகவும் விரும்பி அதிக நேரம் பார்ப்பவர்தான் ஆண்டுச் சந்தாவில் குறைந்த லாபம் தருபவர். 189 ரூபாயை 11 லட்சத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 21 கோடி. ஊழியர் சம்பளம், விளம்பரம், புதிய படங்கள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். தமிழின் முன்னணி நடிகர் ஒருவரின் படத்துக்கான ஓடிடி உரிமை ஒன்றே இதைவிடப் பல மடங்கு விலை போகிறது. ஆகவே அந்த நிறுவனத்துக்குப் பெரிய நடிகர்களின் புதுப்படங்கள் சந்தையே அல்ல. பழைய படக் களஞ்சியம், சிறிய பட்ஜெட் தொடர்கள், நகைச்சுவை நிகழ்ச்சிகள், குழந்தைகளுக்கான சரக்கு என்று வேறொரு கடையைத்தான் அது விரிக்க முடியும். அப்படி விரித்தால் முதலில் அனுமானித்த 11 லட்சமும் மாறும், ஏனென்றால் புதுப்படம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சந்தை அளவும் சரக்கும் ஒன்றையொன்று தீர்மானிப்பதால், இந்தக் கணக்கை ஒரே முறை போட்டு முடித்துவிட இயலாது; இரண்டு மூன்று சுற்று வர வேண்டியிருக்கும்.

பணம் கட்டும் வழியும் சந்தையின் அளவை மாற்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே தனி ஒப்புதல் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் கழிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் போக வேண்டும். வாடிக்கையாளருக்கு இது நல்ல பாதுகாப்பு. நிறுவனத்தின் கோணத்தில் பார்த்தால், 'நாளை பணம் எடுக்கப் போகிறோம், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்' என்ற நினைவூட்டல் மாதம் ஒருமுறை போகிறது. மறதியில் நீடிக்கும் சந்தாக்கள் மேலைநாட்டுச் சேவைகளின் வருமானத்தில் கணிசமான பங்கு வகிக்கின்றன. அங்குள்ள விலகல் விகிதத்தை எடுத்து இந்தியக் கணக்கில் அப்படியே பொருத்துவது அதனாலேயே தவறு. ஆண்டுச் சந்தாவை இங்குள்ள நிறுவனங்கள் விடாமல் முன்னிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சந்தையின் உச்சவரம்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. சந்தைப்படுத்தல் அறிஞர் ஃபிராங்க் பாஸ் 1969இல் வெளியிட்ட, ஒரு புதிய பொருள் மக்களிடையே எப்படிப் பரவும் என்று கணிக்கும் பரவல் மாதிரி மூன்றே எண்களில் இயங்குகிறது: இறுதியில் வாங்கக்கூடியவர்களின் மொத்த எண்ணிக்கை, விளம்பரம் போன்ற வெளித்தூண்டலால் தாமாக வாங்குபவர்களின் வேகம், ஏற்கெனவே வாங்கியவர்களைப் பார்த்து வாங்குபவர்களின் வேகம். வண்ணத் தொலைக்காட்சி முதலிய வீட்டுப் பொருள்களின் விற்பனை வளைவுக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் முதல் எண்ணான மொத்தச் சந்தையை விற்பனைத் தரவிலிருந்து கண்டறிய வேண்டுமென்றால், வளைவு ஏறக்குறைய உச்சியைத் தொட்டிருக்க வேண்டும். ஏறுமுகத்தில் இருக்கும்போது 5 கோடியும் 50 கோடியும் ஒரே மாதிரியான தொடக்க வளைவைத் தரக்கூடும். அதைவிட முக்கியமாக, அந்த மாதிரி ஒருமுறை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளுக்காகச் செய்யப்பட்டது. சந்தா என்பது மாதாமாதம் மீண்டும் விற்கப்பட வேண்டிய பொருள். விலகுபவரைக் கணக்கில் சேர்க்காத பரவல் வளைவு, ஐபிஎல் மாதத்தில் சேர்ந்து ஐபிஎல் முடிந்ததும் போனவரையும் நிரந்தர வாடிக்கையாளராகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

கருத்துக் கணிப்புகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 'நல்ல தமிழ்த் தொடர்கள் கிடைத்தால் மாதம் 99 ரூபாய் கொடுப்பீர்களா' என்று கேட்டால் நம்மவர்கள் மரியாதைக்காகவாவது தலையாட்டிவிடுவார்கள். ஓர் ஊரில் ஒரு மாதம் உண்மையாகவே விற்றுப் பார்ப்பது ஆயிரம் படிவங்களைவிட நம்பகமானது. கள்ளப் பதிவிறக்கங்களின் எண்ணிக்கையைத் தேவைக்கான சான்றாகக் காட்டுபவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். அது பார்க்கும் ஆசைக்குச் சான்று, கொடுக்கும் மனத்துக்கு அல்ல. சிங்டெல், சோனி, வார்னர் பிரதர்ஸ் என்ற மூன்று பெரிய கைகள் சேர்ந்து 2015இல் தொடங்கிய சிங்கப்பூரின் ஹூக் என்ற ஓடிடி நிறுவனம், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் சேவை நடத்திவிட்டு 2020 மார்ச்சில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. வளரும் சந்தைகளில் பணம் கொடுக்கும் விருப்பம் மெதுவாகத்தான் கூடியது என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அதே மாதங்களில் ஊரடங்கு வந்து, உலகம் முழுவதும் மக்கள் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை, கடல் கடந்த பார்வையாளர்கள் இந்தக் கணக்கைக் கணிசமாக மாற்றுகிறார்கள். திரைப்பட வியாபாரத்தில் இதற்கு எஃப்.எம்.எஸ். என்று தனி உரிமையே உண்டு. வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம் அது. கனடாவின் 2016 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 1.57 லட்சம் பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 40,000 வீடுகள்கூட இல்லை. தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகரத்தளவுதான். ஆனால் அங்கே மாதம் 5 கனடிய டாலர் என்பது எவரும் யோசிக்காத விலை. இந்திய மதிப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,600 ரூபாய். 399 ரூபாய் கட்டும் ஒன்பது தமிழ்நாட்டுச் சந்தாதாரர்களுக்குச் சமம். அங்கு 8,000 வீடுகளைச் சேர்ப்பது இங்கு 72,000 வீடுகளைச் சேர்ப்பதற்கு ஒப்பானது. இலங்கை இதற்கு எதிர்முனை: 2012 கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் 22.7 லட்சம், மலையகத் தமிழர் 8.4 லட்சம், பெரும்பாலும் தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 19 லட்சம் என்று எண்ணிக்கை பெரிது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்நிய நாணயத்தில் சந்தா கட்டும் வசதி சிறிது. மலேசியாவில் அஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் போன்ற கட்டணத் தமிழ் அலைவரிசைகள் பல ஆண்டுகளாக வீடுகளுக்குள் இருக்கின்றன. அங்கே புதிதாக வருபவர் காலியான இடத்தில் கடை போடுவதில்லை. தவிர, ஒரு படத்தின் இந்திய டிஜிட்டல் உரிமை கையில் இருப்பதால் வெளிநாட்டு உரிமையும் இருக்கிறது என்று ஆகாது. புலம்பெயர்ந்தோர் எத்தனை பேர் என்று பட்டியலிடும் அறிக்கைகள், அவர்களுக்குக் காட்ட எத்தனை படங்களின் உரிமை இருக்கிறது என்ற பட்டியலைப் பக்கத்திலேயே வைப்பதில்லை.

முன்பு தள்ளிவைத்த ரீசார்ஜ் விஷயத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்திய ஊடகத் தொழில்களை இணைத்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோ ஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலி ஆயின. அடுத்த மாதமே அதன் சந்தாதாரர்கள் 10 கோடியைத் தாண்டினார்கள் என்று அறிவிக்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸ் 2018இல் சொன்ன எண் ஏழு ஆண்டுகள் கழித்து இந்தியாவில் எட்டப்பட்டுவிட்டது, வேறொருவரால், வேறொரு வழியில். அந்த மார்ச் மாதத்தில், 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்த ஜியோ வாடிக்கையாளர்களுக்கு 90 நாள் ஜியோ ஹாட்ஸ்டார் சேர்த்தே தரப்பட்டது. இப்படிச் சேர்பவர் பொழுதுபோக்குக்கு என்று எதையும் தனியாகக் கொடுப்பதில்லை. அவர் வாங்குவது டேட்டா. அவருக்கான தொகையைத் தொலைபேசி நிறுவனம் மொத்த விலையில் கொடுக்கலாம், விளம்பரதாரர் கொடுக்கலாம், அல்லது குழுமத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகலாம். இதைச் சந்தை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதை அளக்க வேண்டிய அலகு தனி வாடிக்கையாளரின் விருப்பம் அல்ல, தொலைபேசி நிறுவனம் ஒரு ரீசார்ஜுக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கத் தயாராக இருக்கிறது என்பதும், ஆயிரம் பார்வைக்கு விளம்பரதாரர் என்ன விலை தருகிறார் என்பதும்தான். தொலைபேசி நிறுவனம் எதுவும் கையில் இல்லாத ஒரு விநியோக நிறுவனம் இந்த 10 கோடியைத் தன் சந்தையின் உச்சவரம்பாக எழுதிக்கொள்வதற்கு முன், அவர்களுள் எத்தனை பேர் 91ஆம் நாளில் தாமாகப் பணம் கட்டினார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.